கோதுமை நுழையாத வீடு

பினாங்கு, கெலுகோரில் அமலம்மாள் வீட்டுக்குள் கோதுமை நுழையக் கூடாது என்று சட்டம் போட்டவள் அமலம்மாள் இல்லை, அவள் மருமகள் ஷர்மினி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அந்த வீட்டார் பேசிய பேச்சைக் கேட்டவர்கள் யாரும் இதை நம்பப் போவதில்லை.

அமலம்மாளின் கடைசிப் பிள்ளை பெவர்லி, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், போன வருஷத் தொடக்கத்தில் இளைக்க ஆரம்பித்தாள். வயிறு ஊதிக்கொள்ளும், பிடுங்கிப் போகும், சீப்பு வைத்தால் முடி கொத்தாக வரும். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த பெரிய டாக்டர், அவள் குடல் கோதுமையை ஏற்கவில்லை என்றார். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற பசை அவள் குடலை அரித்துவிடுமாம். துணுக்கு போனாலும் போதுமாம். மருந்து கிடையாது, ஆயுசுக்கும் வாயைக் கட்டுவதுதான் மருந்து.

மீ நூடுல்ஸ் இல்லாமல், ரொட்டி சானாய் இல்லாமல், பொரித்த கறிபாப் இல்லாமல் பினாங்கில் ஒரு பிள்ளை எதைத் தின்று உயிர் வாழும் என்று அமலம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் அவள் புருஷன் பீட்டர் கைக்குட்டையை நீட்டியபடி நின்றார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனுஷனுக்கு ஆயுசெல்லாம் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

கையைப் பிசைந்துகொண்டு நிற்காதவள் ஷர்மினி ஒருத்திதான். பாயான் பாருவுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வந்தவள், உடுப்பைக்கூட மாற்றாமல் அலமாரியைக் காலி பண்ண உட்கார்ந்தாள். ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பி, பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"அத்தை, கிச்சாப்புல கோதுமை போட்டுருக்கான்."

"கிச்சாப்பு சோயாவுலதானம்மா செய்றான்?"

"சோயாவும் கோதுமையும். இந்தா, பெருங்காய டப்பாவுலயும் கோதுமை மாவுதான் கலந்துருக்கான். ரசத்துல போட்டோமே, அதான் அவளுக்கு ஒத்துக்கல."

"ஐயோ என் சாமி! ரசத்துலயா!"

அன்று அமலம்மாள் மருமகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். மறுநாள் தாமானில் வீடு வீடாக, "எம் மருமவ இல்லன்னா நான் என்னா ஆயிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகுதான் குக்கீஸ் வந்தது. உடம்பு தேற புரதம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெவர்லிக்கோ இறைச்சியைக் கண்டால் குமட்டல். சாக்லெட் என்றால் மட்டும் கண் விரியும். ஷர்மினி சனிக்கிழமை சனிக்கிழமை சுட்டுப் பழகினாள். முதல் தட்டு மண்ணாங்கட்டி மாதிரி இறுகிப் போனது. இரண்டாவது, எடுக்கும்போதே பொடியாக உதிர்ந்தது. கோதுமையில் பசை இருக்கிறது, பிடித்துக்கொள்ளும்; பாதாம் மாவுக்கு அந்தப் புத்தி கிடையாது. புரோட்டீன் பவுடரோ இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். அப்படியே போராடி, பாதாம் மாவு, புரோட்டீன் பவுடர், கொக்கோ, ஒரு கரண்டி பீநட் பட்டர், முட்டை, துருவிய கூலா மெலாக்கா கருப்பட்டி, ஒரு சிட்டிகை உப்பு என்று ஒரு பக்குவத்துக்கு வந்தாள். பினாங்கு வெக்கையில் மாவு இளகிவிடும் என்பதால் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து, உருட்டி, முள்கரண்டியால் அமுக்கி அடுப்பில் தள்ளுவாள். வெளியே எடுத்ததும் தொடக் கூடாது. ஆறி இறுகும்வரை தட்டிலேயே கிடக்க வேண்டும். பீட்டர் பொறுக்க மாட்டாமல் தொட்டு உடைத்துவிட்டு, உடைந்ததைத் தின்றாக வேண்டுமே என்பார்.

அந்தத் தட்டு, கரண்டி, கிண்ணம் எல்லாம் புதிதாக வாங்கி, வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று தனியாக வைத்திருந்தாள். அவ்வளவு சுத்தம்.

ஆனாலும் பெவர்லி தேறவில்லை.

*

ஷர்மினி இந்து வீட்டுப் பெண். அமலம்மாளின் மகன் டேரில், அக்கரையில் பத்து காவான் ஊர்த் தொழிற்பேட்டையில் டெக்னீசியன், அவளைக் காதலித்துப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டான். கோவில் கல்யாணம் மருமகள் ஞானஸ்நானம் எடுத்த பிறகு என்று அமலம்மாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஷர்மினியும் சண்டை எதற்கு என்று ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு அவர்களோடு போவாள். எல்லோரும் ஃபாதர் கையால் நன்மை அப்பம் வாங்க எழுந்து வரிசையில் போகும்போது அவள் மட்டும் பெஞ்சில் நாலு பேரின் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் அந்த அப்பத்தைத் தொடக் கூடாது. அது என்ன, எதில் செய்தது என்று அவளும் கேட்டதில்லை, அவளிடம் யாரும் சொன்னதுமில்லை. அது சாமி. சாமியை எதில் செய்தார்கள் என்று யாராவது கேட்பார்களா?

பெவர்லிக்குத் திங்கட்கிழமைதான் மோசமான நாள். ஞாயிறு மத்தியானமே வயிறு உப்ப ஆரம்பிக்கும், திங்களன்று வகுப்புக்குப் போக மாட்டாள், புதன் வாக்கில் எழுந்து நடமாடுவாள். அக்டோபர் வந்தது. ஜெபமாலை மாதம். மகளுக்குச் சுகம் கிடைக்க வேண்டும் என்று அமலம்மாள் நேர்ந்துகொண்டு, மாதம் முழுவதும் தினம் சாயங்காலம் மழையோ வெயிலோ அவளைக் கோவிலுக்கு இழுத்துப் போனாள். தினம் ஜெபமாலை, தினம் பூசை, தினம் நன்மை. மகளோ தினம் படுத்தாள். மாதக் கடைசியில் குளியலறையில் விழுந்து கிடந்தவளைப் பீட்டரும் டேரிலும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இரத்தத்தைப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

"எங்கேயோ கோதுமை உள்ள போகுதும்மா. கொஞ்சமா, ஆனா விடாம போகுது. என்னென்ன சாப்பிடுறா, ஒன்னு விடாம சொல்லுங்க."

அமலம்மாள் ஒன்று விடாமல் சொன்னாள். சோறு, ரசம், மீன், இட்லி, கீரை, குக்கீஸ்.

"வேற? வாயில போடுற எதுவா இருந்தாலும்?"

"வேற ஒன்னும் இல்ல டாக்டர். தண்ணிகூட வடிகட்டித்தான் குடுக்குறோம்."

அமலம்மாள் பொய் சொல்லவில்லை. அவள் மனசில் அது சாப்பாட்டுக் கணக்கில் வரவே வராது. பக்கத்தில் நின்ற பீட்டருக்கும் வரவில்லை, டேரிலுக்கும் வரவில்லை. சின்ன வயசிலிருந்து அதை நாக்கில் வாங்கியவர்கள், காணிக்கை நேரத்தில் கோதுமையைப் பற்றித் தொண்டை கிழியப் பாடுகிறவர்கள். கட்டிலில் கிடந்த பெவர்லி மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

*

வீட்டுக்கு வந்து மகளை அறையில் படுக்கவைத்ததும் அமலம்மாள் நேரே சமையல்கட்டுக்குப் போனாள். ஷர்மினி அந்த மாதம் ராத்திரி ஷிஃப்ட். பகலில் பெவர்லிக்குச் சமைப்பது அவள்தான். தூக்கக் கண்ணோடு கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள்.

"அடுப்ப அணை."

"என்னா அத்தை? பெவ் எப்படி இருக்கா?"

"அணைன்னு சொன்னேன். என்னத்த கலக்குற நீ எம் புள்ளைக்கு?"

"அத்தை?"

"டாக்டரே சொல்லிட்டாரு, யாரோ விடாம கோதும குடுக்குறாங்கன்னு. இந்த வீட்டுல யாரு சமைக்கிறா? நானா? சனிக்கெழம நீ சுடுற. ஞாயித்துக்கெழம அவ திங்கிறா. திங்கக்கெழம படுத்துக்கிறா. நான் ஒன்னும் படிக்காதவ இல்லம்மா, ஆபீஸ்ல கிளர்க்கா இருந்தவ."

"அத்தை, அதே குக்கீஸ செவ்வாய், புதனும் சாப்பிடுறாளே. அப்ப வலி கொறையுதே?"

"பதில் பேசாத! இந்த மாசம் தெனமும் நீதான் ஆக்குன, தெனமும் விழுந்தா. இதுக்கு என்னா சொல்ற?"

கணக்கு அப்படித்தான் வந்தது. ஷர்மினிக்கே தன் கைமேல் சந்தேகம் தட்டியது. கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள், பாவம்.

"நான் எதுக்கு அத்தை அப்படிச் செய்யணும்?"

"எதுக்கா? பத்து காவான்ல தனி வீடு கேட்டியே, மறந்துட்டியா? தங்கச்சி சீக்கா கெடக்கா, இப்போ வர முடியாதுன்னு டேரில் சொன்னான்ல. அந்த வயித்தெரிச்சல்."

வாசலில் டேரில் நின்றுகொண்டிருந்தான். ஷர்மினி அவனைப் பார்த்தாள்.

"டேரில், நீ சொல்லு. உனக்குத் தெரியும்லா."

"நீ வேணும்னு செஞ்சேன்னு மம்மி சொல்லல. ஏதாச்சும் கவனிக்காம போட்டுருப்ப."

"அவங்க அப்படித்தான் சொல்றாங்க. உன் எதிர்லதான் சொன்னாங்க."

"சரி, இப்போ எதுக்குக் கத்துற? கொஞ்ச நாள் கிச்சன் பக்கம் போகாத. அவ்வளோதானே?"

அவ்வளவுதான். குளிர்ப்பெட்டியில் உருட்டி வைத்திருந்த மாவைத் தட்டோடு குப்பையில் கவிழ்த்தாள் அமலம்மாள். தனிக் கரண்டி, தனிக் கிண்ணம் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தாள். ஷர்மினிக்கென்று ஒரு பிளாஸ்டிக் தட்டும் குவளையும் கொடுத்து, பின்பக்கக் குழாயில் கழுவிக்கொள்ளச் சொன்னாள். உள்ளே சிங்கில் போடக் கூடாது. போட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். என்ன ஒட்டிக்கொள்ளும் என்று கேட்கத் தைரியம் யாருக்கு?

தீபாவளிக்கு அவள் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டின் திறக்கப்படாமலே குப்பைக் கூடைக்குப் போனது. "அரிசி மாவுன்னுதான் சொல்லுவாங்க" என்றாள் அமலம்மாள். பீட்டர் கூடையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், "விடும்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டு டிவி பக்கம் போனார். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர்களைக்கூட மன்னித்துவிடலாம். மருமகள் அப்படிச் செய்ய மாட்டாள் என்று தெரிந்தும் வாயைத் திறக்காத இந்த நல்ல மனுஷர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஷர்மினி சமையல்கட்டை விட்டு விலகிய பிறகும் பெவர்லிக்குத் திங்கட்கிழமை வலி வந்தது. ஜெபமாலை மாதம் முடிந்துவிட்டதால் தினப்படி வலி நின்று, ஞாயிறு திங்கள் வலி மட்டும் மிஞ்சியது. அமலம்மாளுக்கு அது போதும். "பாத்தியா, அவ கைய எடுத்ததும் பாதி கொறஞ்சிருச்சு. மீதி? எங்கயாச்சும் தூவி வச்சிருப்பா" என்று அரிசிப் பானைக்கு மூடியும் மூடிக்குப் பூட்டும் வாங்கினாள்.

*

ஞானஸ்நானத்துக்கான உபதேச வகுப்பு மட்டும் நிற்கவில்லை. கோவிலுக்குப் பின்னால் இருந்த சின்ன ஹாலில் வியாழக்கிழமை சாயங்காலம் பிலோமினா டீச்சர் நடத்துவார். படிக்க வருகிறவர்கள் நாலைந்து பேர். நவம்பர் மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் மேசையில் கறிபாப் வைத்திருந்தார். ஷர்மினி பழக்க தோஷத்தில் அதைத் தொடவில்லை.

"இன்னிக்கி நற்கருணை" என்று ஆரம்பித்தார் டீச்சர். "சபை சட்டம் ஒன்னு இருக்கு. அப்பம் சுத்த கோதும மாவுலயும் தண்ணியிலயும் மட்டும்தான் செய்யணும். வேற ஒன்னும் கலக்கக் கூடாது. அரிசி மாவுல செஞ்சா செல்லாது."

ஷர்மினி நிமிர்ந்தாள்.

"டீச்சர், நெசமான கோதுமையா?"

"பின்ன, பொய்க் கோதுமையா?"

"இல்ல டீச்சர், ஃபாதர் மந்திரிச்சதுக்கு அப்புறம் அது மாறிடுதுன்னு சொன்னீங்களே. அப்ப கோதும போயிடுமா?"

"நல்ல கேள்வி. சாமியா மாறிடுது. ஆனா ருசி, வாசன, குணம் எல்லாம் அப்பமாத்தான் இருக்கும். பூசையில வைக்கிற திராட்ச ரசத்த நெறைய குடிச்சா மயக்கம் வரும்லா? அப்படித்தான்."

"கோதும ஒத்துக்காதவங்க வாங்குனா?"

"உடம்புக்கு ஆகாதுதான். அதுக்குத்தான் பச எடுத்த அப்பம்னு தனியா இருக்கே. ஃபாதர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா சின்னச் சிமிழ்ல வேற வச்சிக் குடுப்பாரு. ஏம்மா, யாருக்கு?"

ஷர்மினி விரலை மடக்கி எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை, அக்டோபர் முழுக்கத் தினம் தினம். எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பெவர்லி பிழைத்தாள், நானும் பிழைத்தேன் என்று நினைத்தாள். மழையில் குடைகூட விரிக்காமல் ஓடி, காடியைக் கிளப்பினாள்.

*

ராச்சாப்பாட்டு நேரம். நால்வரும் மேசையில் இருந்தார்கள். ஷர்மினி நனைந்த தலையோடு நின்றபடியே சொன்னாள்.

"அத்தை, கண்டுபிடிச்சிட்டேன். அந்த அப்பம். கோவில்ல வாங்குறீங்களே, அது கோதும. சுத்த கோதுமையாம். டீச்சர் சொன்னாங்க. ஞாயித்துக்கெழம பூச, அதான் திங்கக்கெழம வலி. அக்டோபர்ல தெனமும் போனீங்க, தெனமும் விழுந்தா. வேற அப்பம் இருக்காம், ஃபாதர்கிட்ட கேட்டா..."

அமலம்மாள் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அவளுக்கும் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்ததை ஷர்மினி பார்த்தாள். பிறகு அந்த முகம் மூடிக்கொண்டது.

"என்னா சொன்ன?"

"அந்த அப்பம், அத்தை..."

"ஆண்டவரோட ஒடம்பு எம் புள்ளைக்கு வெஷம்னு சொல்ற."

"நான் அப்படிச் சொல்லல..."

"சாமி பேர வாயில எடுக்க உனக்கு என்னா தகுதி இருக்கு? நீ செஞ்ச பாவத்த சாமி தலையிலயா கட்டுற? எம் புள்ளைய நானே கூட்டிட்டுப் போயி நானே கொன்னேன்னு சொல்றியா?"

கடைசியில் சொன்னதுதான் விஷயம். அது அமலம்மாள் தொண்டையிலிருந்து வந்த விதத்தைக் கேட்டு ஷர்மினிக்கே பாவமாக இருந்தது.

"இன்னும் தலையில தண்ணியே ஊத்திக்கல" என்றான் டேரில். "அதுக்குள்ள கோவில்ல கொற கண்டுபிடிக்கிற. மம்மிகிட்ட சாரி கேளுலா."

"எதுக்கு?"

"கேளுன்னா கேளு."

அவள் கேட்கவில்லை. பின்பக்கம் போய் நின்றாள். துணிக்கொடியில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பெவர்லி கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"அண்ணி, அழாதீங்க."

"நீ சொல்லு பெவ். நெட்ல பாரு. உனக்கு நான் பொய் சொல்றனா?"

"தெரியும் அண்ணி."

"என்னா தெரியும்?"

"அந்த ஹோஸ்ட் அப்பம்தான்னு. ஜூன் மாசமே படிச்சிட்டேன்."

ஷர்மினி அவளையே பார்த்தாள்.

"அப்ப டாக்டர் கேட்டப்ப? உங்க மம்மி என்னப் பிடிச்சிக் கேட்டப்ப? நீ உள்ள ரூம்லதானே படுத்திருந்த?"

"மம்மிகிட்ட எப்படிச் சொல்றது? நான் நன்மை வாங்காம பெஞ்சில உக்காந்தா, என்னா பாவம் பண்ணிட்டேன்னு கோவிலே பேசும். மம்மி செத்துருவாங்க அண்ணி. உங்க மேலன்னா..." பெவர்லி நகத்தைக் கடித்தாள். "உங்க மேலன்னா கொஞ்ச நாள் கோவமா இருப்பாங்க, அப்புறம் சரியாயிடும்னு நெனச்சேன். நீங்க ஸ்ட்ராங்."

"இப்போ உள்ள போயி சொல்லு."

"முடியாது."

"பெவ், ஒரு வார்த்த. அண்ணி மேல தப்பில்லன்னு மட்டும் சொல்லு. மத்தது ஒன்னும் சொல்ல வேணாம்."

பெவர்லி கதவைத் திறந்து உள்ளே போனாள். உள்ளே டிவி சத்தம் மட்டும்தான் கேட்டது.

*

இனி நடந்தது சுருக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு பூசையில் ஷர்மினி வழக்கம்போல நாலு பையோடு பெஞ்சில் இருந்தாள். அமலம்மாள் நன்மை வாங்கினாள், பீட்டர் வாங்கினார், டேரில் வாங்கினான். பெவர்லி மட்டும் வரிசையில் எல்லோருக்கும் கடைசியாக நின்றிருந்தாள். அவள் முறை வந்ததும் ஃபாதர் கையிலிருந்த கிண்ணத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, பீடத்திலிருந்து ஒரு சின்னச் சிமிழை எடுத்துத் திறந்தார்.

ஷர்மினியின் மடியிலிருந்த பை ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. சிமிழைப் பார்த்தும் அமலம்மாள் திடுக்கிடவில்லை; அவளேதான் ஃபாதரிடம் போயிருக்கிறாள். போய்க் கேட்டிருக்கிறாள். நம்பித்தான் போயிருக்கிறாள்.

இனிமேல் ஒரு வார்த்தை வரும் என்று ஷர்மினி காத்திருந்தாள். கட்டிப்பிடித்து அழ வேண்டாம், மன்னிப்புக்கூட வேண்டாம். உன் கையில் குற்றமில்லை என்று ஒரே ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ் போனது. பொங்கலும் தைப்பூசமும் போயின. சீனப் பெருநாள் வெடிச்சத்தமும் அடங்கி, பினாங்கில் மண் வெடிக்கிற வெயில் வந்தது. பெவர்லிக்குத் திங்கட்கிழமை வலி நின்றது. கன்னம் உப்பியது, புது முடி நெற்றியில் குச்சி குச்சியாக முளைத்தது. டாக்டர் இரத்தத்தைப் பார்த்துச் சிரித்தாராம். ஷர்மினி மட்டும் இன்னும் பின்பக்கக் குழாயில்தான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அக்கரைக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் காடி போய்க்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டாள்.

"உங்க மம்மி ஃபாதர்கிட்ட பேசியிருக்காங்க. உனக்குத் தெரியும்லா?"

டேரில் கடலைப் பார்த்தான். "இப்போ பெவ் நல்லா ஆயிட்டால்ல? அது போதும், விடுலா."

"எனக்குப் போதாது."

"மம்மிக்கு வயசாயிடுச்சு ஷர்மி. நீதான் பெருந்தன்மையா போகணும்."

பாம்புகள் கூடிய வீட்டில் தவளைதான் பெருந்தன்மையாகப் போக வேண்டும் போலிருக்கிறது.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தவளுக்கு வாசலிலேயே வாசனை அடித்தது. கொக்கோவும் பீநட் பட்டரும் சூடேறுகிற வாசனை. சமையல்கட்டில் அமலம்மாள் முள்கரண்டியால் உருண்டைகளை அமுக்கிக்கொண்டிருந்தாள். குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்த மாவு. தட்டிலேயே ஆறவிட்டாள். பீட்டர் தொட வந்தபோது, "தொடாதீங்க, உதுந்துடும்" என்று அதட்டினாள். மருமகளைப் பார்த்துக் கொஞ்சங்கூடக் கூசவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

*

குருத்தோலை ஞாயிறன்று பட்டர்வொர்த்திலிருந்து அமலம்மாளின் தங்கை செசிலி வந்திருந்தாள். பூசை முடிந்து குருத்தோலையை வாசலில் செருகிவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தாய்க்கோழியாட்டம் அமலம்மாள் மகளின் தட்டையே பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். வரப்போகும் சனிக்கிழமை ஈஸ்டர் பாஸ்கா பூசையில் ஷர்மினிக்கு ஞானஸ்நானம். வெள்ளைப் புடவைகூட வாங்கியாகிவிட்டது. விருந்தாளி முன்னால் பிளாஸ்டிக் தட்டு வேண்டாம் என்று அன்றைக்கு மட்டும் அவளையும் மேசையில் உட்காரவைத்திருந்தார்கள்.

"பெவர்லி என்னாமா தேறிட்டா க்கா!" என்றாள் செசிலி. "போன தடவ பாத்தப்ப எலும்பும் தோலுமால்ல கெடந்தா. எந்த மருந்து?"

"மருந்தும் இல்ல, ஒன்னும் இல்ல." அமலம்மாள் குக்கீஸ் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "கிச்சன நான் கையில எடுத்தேன். அவ்வளோதான். நான் ஆக்குன சோறு, நான் சுட்ட குக்கீஸ். எடுத்துக்க, எல்லாம் பாதாம் மாவு. பெத்தவ கை வேற, மத்தவங்க கை வேற செசிலி."

செசிலி ஒன்றைக் கடித்தாள். கடித்துக்கொண்டே ஷர்மினியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படி என்னாதாம்மா போட்ட நீ அந்தப் புள்ளைக்கு?"

டேரில் குனிந்து மீன் முள் எடுத்தான். ஷர்மினி ஒரு குக்கீஸை எடுத்துக் கடித்து, மெதுவாக மென்றாள்.

"உப்பு மட்டும் ஒரு சிட்டிக கூட அத்தை" என்றாள். "மத்தபடி நான் போட்ட அதே அளவுதான். ஒன்னுகூட மாத்தல."

"உன் அளவுல என்னா கலந்துச்சுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"கடவுளுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பெவ், நீ சொல்லு. உனக்கு எதனால சரியாச்சு?"

எல்லோரும் பெவர்லியைப் பார்த்தார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள். அமலம்மாளின் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. பெவர்லி வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"மம்மி சமைக்க ஆரம்பிச்சதுல இருந்துதான் அண்ணி" என்றாள்.

அமலம்மாளின் கை தளர்ந்தது. அவளுக்கு இப்போது தாராளமாக இருக்க முடிந்தது. எட்டி மருமகளின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"போவட்டும் விடு. நடந்தது நடந்து போச்சு. சனிக்கெழம உனக்கு ஞானஸ்நானம். தலையில தண்ணி விழுந்தா செஞ்ச பாவமெல்லாம் கழுவிப் போயிடும். இதுவும் போயிடும். நான் எப்பவோ மன்னிச்சிட்டேம்மா."

"எவ்வளோ பெரிய மனசு க்கா உனக்கு" என்றாள் செசிலி.

ஷர்மினி மீதிக் குக்கீஸைத் தட்டோரத்தில் வைத்தாள். எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

"எனக்கு அந்தத் தண்ணி வேணாம் அத்தை. அதுல கழுவுறதுக்கு எங்கிட்ட ஒன்னும் இல்ல."

அறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தமும் பெட்டி இழுக்கும் சத்தமும் கேட்டன. டேரில் எழுந்திருக்கப் பார்த்தான், "உக்காரு, சாப்பிடு" என்றாள் அம்மா, உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஷர்மினி பெட்டியோடு குருத்தோலை செருகிய வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினாள். யாரும் கூப்பிடவில்லை.

அமலம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"பாத்தியா செசிலி? மன்னிக்கிறேன்னு சொன்னாக்கூட நிக்க முடியல. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க."

செசிலி தலையாட்டினாள். பீட்டரும் மெல்ல ஆட்டினார். பெவர்லியும் ஆட்டினாள், ஆட்டிவிட்டுத் தட்டிலிருந்து இன்னொரு குக்கீஸ் எடுத்துக்கொண்டாள்.